லேமினேஷன் போட்ட ஞாபகச் சீட்டு

கூடத்திலிருந்து "த்சொ" என்று சத்தம் கேட்டது. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த இருதயம்மாளின் கை அப்படியே நின்றது. மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று நகர்ந்து போகிறவர்களிடம் இதே சத்தத்தைத்தானே மீன் விற்ற காசிமேட்டில் பாதி ஆயுசு கேட்டிருக்கிறாள்!

"இன்னாக்கா, பிளாஸ்டிக்கு போட்டு வெச்சிகிற?" என்றார் பழைய சீட்டைக் கையில் பிடித்திருந்த ரஷீது, பழம்பொருள் வியாபாரி. "போன்ல போட்டோ பாக்கச்சொல்ல கண்ணாடி ஃபிரேமுன்னு நெனச்சிகினேன்."

"லேமினேசன் பாய். வெள்ளம் வந்த வருசம் போட்டேன்."

அந்த வெள்ளத்தில் ராயபுரத்தில் பலர் வீட்டுக் காகிதங்கள் கூழாகிப் போயின. தண்ணீர் வடிந்ததும் ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ் என்று தப்பியதையெல்லாம் அள்ளிக்கொண்டு லேமினேஷன் கடையில் சனம் குவிந்தது. இருதயம்மாள் இந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். இதற்கு மட்டும் இரண்டு தரம் மெஷினில் விடச் சொன்னாள். அத்தனை பிரியம்.

நூற்றறுபது வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பணம் திரட்டப் பெண்கள் நடத்திய சந்தையொன்றில், ஒரு சீமாட்டி தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு அது. அங்கிருந்து மதராசுக்கு ஐஸ் கட்டி ஏற்றி வந்த கப்பலின் கறுப்பினச் சமையல்காரன் இங்கே காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றிய படகோட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் படகோட்டி அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸின் முப்பாட்டன்.

"சூட்டுல மை வெளுத்துப்போச்சு. பிரிச்சா தாளு பிஞ்சி பிஞ்சி வரும். வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான்க்கா."

"எனுக்கும் ஒண்ணு போட்டு வுடுன்னேன் பாய்," என்றார் கட்டிலில் கிடந்த ஸ்டானிஸ்லாஸ். "எலும்பாவது கயலாம கெடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"பாய், என் புள்ள..." இருதயம்மாள் டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

ஒற்றை மகன் நோயல். கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்குக் கூட்டிப்போனவர்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவிட்டார்கள். முகம் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி. பணம் வந்தால்தான் விடுவார்களாம். "அந்த அமெரிக்கா சீட்ட வித்துடும்மா" என்று கடைசியாகப் பேசியபோது அழுதான். அந்தச் சீட்டை விட்டால் அவளிடம் விற்க வேறொன்றும் இல்லை.

"அதுல இன்னாதான் எழுதிகீது? படிச்சி சொல்லேன் பாய்."

ரஷீது சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "ஒரு மனுசன இன்னொரு மனுசன் சொத்தா வெச்சிக்க முடியாது. கடைசி விலங்கு அறுபடுற வரிக்கும் எங்க கை ஓயாது. அவ்ளோதான்க்கா."

இருதயம்மாளின் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

"கை ஓயாதுன்னா போட்டுகீது? அப்ப சும்மாவே எடுத்துனு போ பாய், துட்டு வோணாம். அவுங்களாண்ட குடுத்து, ராயபுரத்துப் புள்ள ஒண்ணு மாட்டிகினு கீதுன்னு சொல்லு."

"அக்கா... அவுங்கல்லாம் செத்து நூறு வருசத்துக்கு மேல ஆவுது."

"புள்ளைங்க, பேரனுங்க இருப்பாங்கல்ல? யாராவது ஒருத்தர்?"

ரஷீது சீட்டை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார். டீயைத் தொடாமலே எழுந்தார்.

"வரேன்க்கா."

எந்த விருந்தாளியையும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவள், இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஸ்டானிஸ்லாஸ் சுவரைப் பிடித்து எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.