பங்களாவில் புகை வந்த மழைக்காலம்

அம்மா இறந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மலைமேல் இருக்கும் போனக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். கீழே நகரத்தில், பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

செக்போஸ்டில் பஸ்ஸுக்குள் ஏறிய வனக்காவலர், "பங்களா காணானோ?" என்றார். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து அந்தத் தேயிலைத் தோட்ட பங்களாவில் பேய் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை. நான் இங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்றேன். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பதினோரு வயதில் தோட்டத்தில் வேலை நின்றது. அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார். ஆடி மழையில் எங்கள் லயத்து வீட்டின் கூரைத் தகரம் பறந்துபோனது. பூட்டிக் கிடந்த பங்களாவை ஒரு காலத்தில் பெருக்கித் துடைத்தவள் அம்மா. பின்பக்கத்து அடுக்களைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு பாய், இரண்டு பாத்திரம், என் புஸ்தகப் பை. அங்கே போய் இரண்டு மாதம் இருந்தோம்.

விறகு ஈரம். அடுப்பு மூட்டினால் புகை மண்டும். ஆளில்லாத பங்களாவில் புகை வருகிறது என்று ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்களாம். அம்மா கேட்டுக்கொண்டு பேசாமல் அரிசி வாங்கி வந்தாள்.

"பேயின்னே நெனைக்கட்டும். ஆளுன்னு தெரிஞ்சா எறக்கி விட்ருவாவ," என்றாள்.

அதனால் நான் முன்பக்கம் போகக்கூடாது, சத்தம் போட்டுப் படிக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் அத்தை வீட்டில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு அத்தையே கிடையாது. பேயை நினைத்து நான் பயந்ததில்லை. அம்மா விறகு பொறுக்கப் போன மத்தியானங்களில் யாராவது வந்து கதவைத் தட்டினால் தேவலை என்று இருக்கும். பேயாக இருந்தாலும் சரி.

இப்போது கூரை பாதி இல்லை. சுவரெல்லாம் யார் யாரோ கிறுக்கிய பெயர்கள். அடுக்களையில் அடுப்பு மேடை மட்டும் மிச்சம் இருந்தது. அதிலிருந்த காலி பாட்டில்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே வந்த ஒரு ஜோடி என்னைக் கண்டதும் அப்படியே நின்றது. நான் எழுந்து பேசிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்தது.

"சேச்சி இவிடெ எந்தெங்கிலும் கண்டிட்டுண்டோ?" என்று கேட்டாள். ஏதாவது பார்த்திருக்கிறேனா என்று.

நாங்கள் இங்கே இருந்ததைச் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. புகையைப் பற்றிச் சொன்னபோது கூட வந்தவன் ஃபோனை இறக்கினான். "இது இட்டால் ஆரும் காணில்ல சேச்சி," என்றான். இதைப் போட்டால் வீடியோவை யாரும் பார்க்கமாட்டார்களாம். மரியாதையாகத்தான் சொன்னான். இருவரும் மாடிப்படிப் பக்கம் போனார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கீழே லயத்தில் அந்தக் காலத்தில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த அக்கா இன்னும் அங்கேயே இருக்கிறாள். பால் இல்லாத கட்டன் சாயா போட்டுத் தந்தாள்.

"பங்களாவுக்கா போன? தனியாவா?"

"ஆமாக்கா."

"ஒங்கம்மையும் நீயும் அங்க கெடந்தது எங்களுக்கெல்லாம் தெரியும், கேட்டியா. ஆபீஸ்காரவ கேட்டா, அங்க என்னமோ நடமாடுது, நாங்க போவ மாட்டோம்னு சொல்லிருவோம்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒரு தடவையாவது வந்து எட்டிப் பாத்திருக்கலாமேக்கா."

அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். "வந்தா தடம் விழும்லா. தடத்தப் பாத்து ஆபீஸ்காரனுவளும் வருவானுவ," என்றாள்.

யாருமே எங்களைத் தேடவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். மலை இறங்கி நகரத்துக்கு வந்த பிறகு அவள் இங்கே ஒரு தடவைகூட வரவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டாள். இப்போது இதை அவளிடம் சொல்லலாம் என்றால் அவள் இல்லை.

அக்கா தங்கிவிட்டுப் போகச் சொன்னாள். நாளைக்குக் கடை என்றேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து இலையில் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் டிரைவரையும் கண்டக்டரையும் சேர்த்து நாலு பேர்தான். அடிவாரத்தில் விதுரை தாண்டும் வரை பொட்டலம் மடியில் சூடாகவே இருந்தது.