உப்புத் தண்ணீர் குடித்த பெட்டி

எனக்கும் என் கூட்டாளிக்கும் ஒரே மாதிரியான கிட்டார் அம்ப்ளிபயர் இருந்தது. கொழும்பில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. சுனாமியில் சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் இருந்த அவன் வீடு போனது. சின்ன மகளும் போனாள். அம்ப்ளிபயர் பெட்டி மட்டும் சேற்றுக்குள் கிடந்தது. அதைக் காயவைத்து, உள்ளே பழுதானதை மாற்றி, திரும்பவும் வாசித்தான். என் வீடு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடல் வராத இடம். என் பெட்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

யுத்தம் முடிந்ததும் பாட்டுப் பதிவுகள் கூடின. மருதமுனையில் ஒரு தறி வீட்டுக்குப் பக்கத்து அறைதான் எங்கள் ஸ்டூடியோ. தறிக்காரர்கள் பகல் சாப்பாட்டுக்கு எழும்பினால்தான் மைக்கைத் திறக்கலாம். கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் ஒலிப்பதிவுக்காரர் அவனைத்தான் கூப்பிடுவார்.

"அவர்ர பெட்டில ஒரு கரகரப்பு இருக்கு. பாடுறவர்ர குரலோட நல்லாச் சேருது," என்பார்.

எனக்கு வயிறு எரியும். வேறு யாராவது என்றால் வாய்விட்டு ஏசியிருப்பேன். மகளைக் கடலுக்குக் கொடுத்தவன்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இரக்கப்பட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பெருநாள் பாட்டுக்கும் அவன்தான் என்றபோது பொறுக்க முடியவில்லை. இரண்டு பெட்டியையும் வைத்துப் பார்ப்போம் என்றேன். ஒரே மைக், ஒரே தூரம், ஒரே கிட்டார். வாசித்ததும் நான்தான். எது எவருடையது என்று சொல்லாமல் ஒலிப்பதிவுக்காரர் போட்டுக் காட்டினார். நல்லது இதுதான் என்று நான் தயங்காமல் ஒன்றைச் சொன்னேன். மாற்றிப் போட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். அது அவனுடையது. என்னுடையது சுத்தமாக, சப்பென்று இருந்தது.

மூலையில் இருந்த அவன் ஒலிப்பதிவுக்காரரிடம், "மத்தத இன்னொருக்காப் போடுங்க நானா," என்றான். குனிந்தபடி கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாத்திக்குவமா மச்சான்?"

"என்னடா, பகிடியா?"

"எண்ட பெட்டியும் முந்தி இப்பிடித்தான் கேட்டிச்சு. புள்ள இதக் கேட்டுத்தான் உறங்குவா."

அவன் மனம் மாறுவதற்குள் ஓம் என்றுவிட்டேன்.

பெருநாள் பாட்டில் வாசித்தது நான். அவன் அதற்குப் பிறகு பதிவுக்கு வரவில்லை. மாலையில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் புது வீட்டைக் கடக்கும்போது உள்ளே மெதுவாக வாசிப்பது கேட்கும். சைக்கிளை நிறுத்திவிடுவேன். என் கையில் இருந்தவரை அந்தப் பெட்டி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. திருப்பித் தா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வருகிறது.