‘முடியல’ என்று அக்கா சொன்னபோது

என் அக்கா இட்லி, தோசை மாவு அரைத்து விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறாள். சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஒரு கடை. சற்றுத் தள்ளி, தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் மாவு அரைக்கும் கூடம். லிட்டில் இந்தியாவின் சில உணவகங்களுக்கும், தீவின் பல மூலைகளில் உள்ள வீடுகளுக்கும் அவளுடைய மாவு போய்ச் சேர்கிறது. வங்கி வேலையை விட்டுவிட்டு அவள் இதைத் தொடங்கியபோது நான் உயர்நிலைப் பள்ளி மாணவி. இப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து அதிகம் கேட்ட சொல் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: “முடியும்.”

“நாளைக்குக் காலையில ரெண்டு வாளி கூட வேணும், முடியுமாம்மா?”

“முடியும் அண்ணே.”

“ஞாயித்துக்கெழம வீட்ல விசேஷம். வெள்ளனவே வந்து குடுக்க முடியுமா?”

“முடியும் ஆன்ட்டி.”

சந்தைக்கு எதிரே உணவகம் நடத்தும் பாய், அவளுடைய முதல் வாடிக்கையாளர். “இந்தப் பொண்ணுகிட்ட நிலாவ அரைச்சுக் குடுன்னு கேட்டாலும் எத்தன கிலோன்னுதான் கேக்கும்” என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். நாங்களும்தான்.

அவளுக்கு ஓர் அரிய திறன் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்த மாத்திரத்தில் மாவு பதமாகப் புளித்திருக்கிறதா, இன்னும் விட வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். இந்த ஊர் வெக்கையில் மாவு சொல்லாமல் கொள்ளாமல் பொங்கிவிடும். எந்த வாளியைக் குளிரறைக்கு மாற்றுவது, எதை வெளியே விடுவது என்பதை அவள் மூக்குதான் தீர்மானித்தது. அதனாலேயே அவள் இல்லாமல் அங்கு எதுவும் நகரவில்லை. விடியுமுன் போய்விடுவாள். சாப்பிட உட்கார்ந்தாலும் கைப்பேசி தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் வீட்டில் அவளுடைய அறைக்கதவு பெரும்பாலும் திறந்தே கிடந்தது. உள்ளே ஆள் இருப்பதில்லை.

பிறகு ஒரு பிற்பகலில் அது நடந்தது. கூடத்தில் அக்காவும், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக அவளிடம் வேலை பார்க்கும் அண்ணனும் மட்டும் இருந்தார்கள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அரைத்த மாவுக்கு அக்கா உப்புப் போட்டுக் கரைக்க வேண்டும்.

“முடிஞ்சுதா மேடம்?”

“முடியல.”

“சரி மேடம், மெதுவா முடிங்க.”

சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறார். “முடியல அண்ணே” என்றாள். “அப்ப நான் உளுந்து ஊறப் போட்டுடறேன். நீங்க முடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருகினார். அவர் திரும்பிப் பார்த்தபோது அக்கா தரையில், அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உப்பு அள்ளிய கை மூடியபடியே இருந்தது.

“ஒடம்புக்கு முடியலன்னு சொல்லியிருக்காங்க. நான் வேல முடியலன்னு நெனச்சிட்டேன்” என்று அவர் இன்றுவரை சொல்லி வருந்துகிறார். அவரைக் குறை சொல்ல இயலாது. தமிழில் இரண்டும் ஒரே சொல்தான். ஒரு வேலை நிறைவடையவில்லை என்பதற்கும், ஓர் ஆளால் இனி இயலவில்லை என்பதற்கும் நாம் வேறு வேறு சொல் வைத்துக்கொள்ளவில்லை. அக்காவிடம் அதுவரை முதல் பொருள் மட்டுமே புழக்கத்தில் இருந்தது.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. இரத்தம், இதயம் எல்லாம் சோதித்துவிட்டு, உடம்பில் தனியாக ஒரு நோயும் இல்லை, ஆள்தான் மொத்தமாகத் தீர்ந்துபோயிருக்கிறாள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மணமே தெரியவில்லை என்று அக்கா அப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். பல வாரங்களாகவே, பழக்கத்தை நம்பித்தான் வாளிகளை மாற்றிக்கொண்டிருந்தாளாம். மருத்துவர் இரண்டு வாரத்திற்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, எழுதிக் கொடுத்தார்.

டாக்சியில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத யார்கிட்டடி குடுக்கறது?”

“கம்பெனியில குடு.”

“கம்பெனியே நான்தான்டி.”

“அப்ப நீயே குடுத்து நீயே வாங்கிக்க லா.”

சிரித்தாள். வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. ஆனால் அந்தக் கேள்வியை அவள் வேடிக்கையாக மட்டும் விடவில்லை. மறுநாள் தாளை என் கையில் கொடுத்து, அண்ணனிடம் சேர்க்கச் சொன்னாள். கைப்பேசியையும் என்னிடம் கொடுத்தாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, தாளை முழுவதும் வாசித்தார். “மேடம் எனக்கா லீவு லெட்டர் குடுக்கறாங்க?”

“ஆமாண்ணே. நீங்கதான் ஓகே பண்ணணுமாம்.”

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, சம்பளத்தை உயர்த்தித் தந்தவர்போல மிகுந்த பெருந்தன்மையுடன், “ஓகே லா, எடுத்துக்கச் சொல்லுங்க” என்றார். தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

தான் உண்டாக்கிய நிறுவனத்தில், தன்னிடம் வேலை செய்பவரிடம் விடுப்புக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். அவளுடைய உழைப்பை எல்லோரும் வியந்தார்கள். நான் வியப்பது அந்தத் தாளை அவள் கொடுத்தனுப்பிய விதத்தை.

அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறை மாவு கடும் புளிப்பாகப் போய்விட்டது. பாய் கடைக்கே வந்துவிட்டார். “புளிப்பு பல்லக் கூசுது. அக்காகிட்ட சொல்லிடாத. ஊத்தப்பமா ஊத்தி, வெங்காயத்த அள்ளிப் போட்டு வித்துட்டேன்.” நான் சொல்லத்தான் செய்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்தாள், கேட்டாள், பிறகு, “வித்துட்டாரா?” என்றாள். “வித்துட்டாராம்.” மறுபடி படுத்துக்கொண்டாள். அன்று மாலைவரை தூங்கினாள்.

எம்சி முடிந்த பிறகும் அவள் முழுதாகத் திரும்பவில்லை. அரை நாள் மட்டும் போனாள். மாலையில் நாங்கள், இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில்பாதைத் தடத்தில் நடப்போம். முதலில் அவள் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போகும். அங்கு கைப்பேசி இராது. பேச்சும் அதிகம் இல்லை. எனக்கும் பேசாமல் நடப்பது எளிது என்பதால் அது எங்கள் இருவருக்கும் பொருந்திப்போயிற்று.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழிருக்கும் காப்பிக் கடையில் ஒருநாள் தோசை வாங்கினோம். அக்கா ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டாள். “மாவ இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கணும். அவசரப்பட்டு எடுத்துட்டாங்க” என்றாள். அடுத்த விள்ளலை எடுத்தவள் நிறுத்திவிட்டு, அதை மூக்கருகே கொண்டுபோனாள். “மணக்குதுடி” என்று மெல்லச் சொன்னாள். பிறகு இன்னொரு தோசை கேட்டாள், நன்றாக இல்லாத அதே தோசையை.

அதன்பின் அவள் தன் சோர்வையே ஆராயத் தொடங்கினாள், கெட்டுப்போன ஒரு வாளி மாவை ஆராய்வதுபோல. தண்ணீர் கூடியதா, சூடு கூடியதா, நேரம் கூடியதா? வேலையின் அளவைக் காட்டிலும், எல்லா வேலையும் தன் மூக்குக்கு வந்துதான் போக வேண்டியிருந்ததே கெடுத்தது என்று கண்டாள். அந்த மூக்கைப் பகிர்ந்துகொள்ள முடிவுசெய்தாள். அண்ணனையும் கடையில் நிற்கும் பெண்ணையும் வாளிகளுக்கு முன் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, முகரவைத்தாள். அவர்கள் தவறாகச் சொன்னபோது வாய் திறக்காமல் இருப்பதுதான் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பிற்பகலுக்குப் பிறகு வரும் ஆர்டர்கள் மறுநாளுக்குப் போயின. சந்தை ஓய்ந்திருக்கும் திங்கட்கிழமைகளில் கிரைண்டர்களும் ஓய்ந்தன.

“அப்ப திங்கக்கெழம நான் பரோட்டா மட்டும்தான் போடணுமா?” என்றார் பாய்.

“ஞாயித்துக்கெழமயே சேத்து வாங்கி ஃபிரிட்ஜுல வைங்க பாய்.”

“நிலாவுக்கும் லீவு விட்டாச்சு போல” என்று முணுமுணுத்தபடி, சேர்த்தே வாங்கிப் போனார்.

தீபாவளி நெருங்கியிருந்தது. சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கலங்காரம் கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை, பெரிய கேட்டரிங் நிறுவனம் ஒன்றின் மேலாளர் தேக்காக் கடைக்கு வந்தார். பல அலுவலகங்களுக்குக் காலையுணவு வழங்கும் நிறுவனம் அது. அந்த ஓர் ஆர்டர், அக்காவின் மற்ற ஆர்டர்கள் அத்தனையையும்விடப் பெரியது. அவள் தொடங்கிய நாள்முதல் எதிர்பார்த்திருந்ததும் அதைத்தான். நான் மாவு உறைகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது.

“வாரம் முழுக்க வேணும். ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது” என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். ‘முடியும்’ என்ற அந்தச் சொல் அவள் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன்.

“திங்கக்கெழம முடியாது சார்.”

“உங்ககிட்ட கேட்டா முடியாதுன்ற பேச்சே வராதுன்னு சொன்னாங்களே.”

“சரியாத்தான் சார் சொல்லியிருக்காங்க. நான் இப்பத்தான் கத்துக்கிட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சார் சொல்றேன்.”

அவர் தம் அட்டையை வைத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் கூடத்தில் அந்த அட்டை மேசைமேல் கிடந்தது. அக்கா ஒருமுறை அதையும் கைப்பேசியையும் எடுத்தாள். எண்ணை அழுத்தத் தொடங்கி, நிறுத்தி, இரண்டையும் கீழே வைத்தாள். அந்த ஆர்டர் பிறகு வேறொருவருக்குப் போயிற்று என்று பாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவள் முகம் வாடியது உண்மை. மறைக்கவும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. உறைகள் பாதிதான் ஒட்டியிருந்தன. அண்ணன் கிரைண்டரைக் கழுவிவிட்டுத் திரும்பினார்.

“முடிஞ்சுதா மேடம்?”

“முடியல அண்ணே.”

அவர் குழாயை நிறுத்தினார். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவர் இந்தப் பதிலைக் கேள்வி கேட்காமல் விடுவதே இல்லை.

“எது மேடம்? வேலையா, ஒடம்பா?”

அக்கா மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“வேலதான். மிச்சத்த செவ்வாக்கெழம பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள்.