பீடி வலித்த நாட்கள்

மனைவியைக் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கூட்டிப்போன நாட்களில், பாறசாலையிலிருந்து நாங்கள் போகும் பஸ்ஸில், அதே ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவர் அமரவிளையில் ஏறுவார். அவருக்குத் தொண்டையில் புற்று. கதிர் படவேண்டிய இடத்தைக் குறித்த மைக்கோடுகள் தெரியாதபடி கழுத்தில் எப்போதும் துண்டைச் சுற்றியிருப்பார். மடியில் பீடிக்கட்டு இருக்கும்.

வேதியியல் ஆசிரியனாக இருந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "பீடி வலிச்சா ரத்தத்துல ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் கிட்டாத கட்டி கதிருக்கு லேசுல சாவாது, கேட்டீரா" என்றேன்.

"கட்டிக்கும் மூச்சு வேணுமாக்கும்? நல்ல கூத்து" என்று சிரித்தார்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில், ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தவர் திரும்பி நடந்தார். "காலத்தே எந்திரிச்சதும் ஒண்ணு வலிச்சுப்போட்டேன் சாரே. இண்ணைக்குக் கதிரு வீணாக்கும். பின்ன எதுக்கு அதுல போய்க் கெடக்கணும்?"

புகைத்திருந்தாலும் சிகிச்சையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் பாடம் அவர் மனதில் பதிந்துவிட்ட பெருமையில், "செரி, நாளைக்கு வலிக்காம வாரும்" என்றேன்.

அதன்பின் பீடி தொட்ட நாளெல்லாம் அவர் வரவில்லை. பிறகு வரவேயில்லை.

என் மனைவி தேறிவிட்டாள். அந்த வழியாக இன்றும் பஸ்ஸில் போகிறேன். அமரவிளையில் இறங்கி, அவரைப் பற்றி விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.