காற்றோட்டமான மோட்டார் கொட்டகை

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. பட்டணத்திலிருந்து பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி வந்தவர், வீட்டை விட்டுத் தள்ளி அதற்குத் தனிக் கொட்டகை கட்ட வேண்டும் என்றார். பெட்ரோல் நாற்றம் அவருக்கு ஆகாதாம். நாள் முழுக்கத் தோல் தொட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டு வருகிற மூக்கு அது!

கொத்தனார் நாலு பக்கமும் சுவரெழுப்பத் தயாரானார். இவர் தடுத்துவிட்டார்.

"சீட்டு அத்தனையும் தோலு. மூடி வெச்சா பூசணம் புடிச்சிடும். நம்ம தோல் காயப்போடற கொட்டா மாதிரி காத்தோட்டமா கட்டு."

"மழை வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், சும்மா இரு."

இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கை நுழையும் சந்து விட்டு மூங்கில் தட்டி. அப்படியே கட்டினார்கள்.

ஐப்பசியில் மழை சாய்ந்து அடித்தது. என் புது ஜமக்காளத்தை உருவிக்கொண்டு ஓடினார். எஞ்சினை மூடத்தான் என்று நினைத்தேன். அவரோ சீட்டைப் போர்த்திவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் காலை, நனைந்துபோன எஞ்சினைக் கிளப்ப முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி டிரைவருக்குத் தோள் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் எங்கள் மாடுகளைப் பூட்டி மோட்டாரை ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். இவர் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற என்னைத் தாண்டும்போது சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா? துளி பூசணம் இல்ல."