சிவப்புத் தொட்டியில் விழுந்த வெற்றிலை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ரிசீவிங் இன்சார்ஜ். லாரியில் வருகிற சரக்கை எண்ணி, தட்டி, உரசிப் பார்த்து உள்ளே விடுவது என் வேலை. நல்லது உள்ளே போகும். ஓட்டை உடைசல் சிவப்புத் தொட்டிக்குப் போகும். இதையே பல வருடம் செய்து செய்து, கோபால் என்கிற மனிதன் தேய்ந்து, எதைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கிற இரண்டு கைகள் மட்டும் மிச்சமாகியிருந்தன. இது எனக்குத் தெரியாது. என் மனைவி ரத்னாவுக்குத் தெரியும்.

இன்சார்ஜ் ஆன புதிதில், மீட்டிங்கில் இங்கிலீஷ் பேச வேண்டுமே என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் ஓர் அகராதி வாங்கினேன். அட்டை பிய்ந்த, வெள்ளைக்காரன் காலத்து அகராதி. மீட்டிங்குக்கு அது உதவவே இல்லை. அதிலிருந்த இங்கிலீஷை இப்போது யாரும் பேசுவதில்லை. சரி, ‘ரிசீவ்’ என்கிற என் வேலைக்கு என்னதான் அர்த்தம் போட்டிருக்கிறான் என்று புரட்டினேன். அரைப்பக்கம் போட்டிருந்தான். கொடுப்பதைக் கையில் ஏற்றுக்கொள்வது. வீடு தேடி வந்தவரை உள்ளே அழைத்து இடம் கொடுப்பது. சொன்னதை உண்மையென்று நம்புவது. அடுத்து ரிசீவர்: திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கிக்கொள்பவன். காய்ச்சி வடிக்கும்போது சொட்டுவதைப் பிடிக்கிற பாத்திரம் என்றும் ஒன்று.

எனக்கு ஒரே பெருமை. ஷிப்ட் முடிந்து வந்து இதைச் சொல்லிச் சொல்லி ரத்னாவின் காதைப் புண்ணாக்கினேன். திருட்டுச் சாமான் வரியை மட்டும் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

“பாத்திரம்னு போட்டுகீறானே, அதான் உனக்குக் கரீக்ட்டு. வச்ச எடத்துலயே கீறே,” என்றாள் ரத்னா.

எங்களுக்கு ஒரே மகள், மதிவதனி. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை. அதே கம்பெனி பஸ்ஸில் வருகிற லோகேஷை அவளுக்குப் பிடித்திருந்தது. நானும் விசாரித்தேன், எனக்கும் பிடித்துப் போயிற்று. சேரப்பணஞ்சேரிப் பையன். அப்பா பாண்டுரங்கன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். தட்டு மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

பாண்டுரங்கன் எழுந்து நின்று தாம்பாளத்தை என் முன் நீட்டினார். வெற்றிலை பாக்கு, தேங்காய், ஆப்பிள், புடவை. நான் கையை நீட்டவில்லை.

“கீழ வைங்க. பாத்துட்டு எடுத்துக்கறேன்,” என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. தினமும் லாரிக்காரர்களிடம் சொல்வது வாயில் வந்துவிட்டது. அவரும் வைத்தார். நான் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். தேங்காயைக் காதருகே ஆட்டினேன். ஆப்பிள்களைத் திருப்பித் திருப்பி அழுத்தினேன். அடிபட்ட ஒரு பழத்தையும் நுனி கிழிந்த ஒரு வெற்றிலையையும் ஒதுக்கினேன். ஒதுக்கினேன் என்றால் எங்கே? பூ கொண்டுவந்த சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி பக்கத்தில் இருந்தது. சிவப்பைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது.

ரத்னா என் தொடையைக் கிள்ளினாள். பாண்டுரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“புடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்று மட்டும் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். கிண்டிய கேசரி அப்படியே இருந்தது.

மதிவதனி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அகராதியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள்.

“தெனம் படிக்கிறியேப்பா. பாத்துட்டு வாங்கிக்கறதுன்னு இதுல எங்கனா போட்டுகீதா? காட்டு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைப்பக்கமும் தேடினேன். ஏற்றுக்கொள்வது இருந்தது, உள்ளே அழைப்பது இருந்தது, நம்புவது இருந்தது. திருட்டுச் சாமான் வாங்குகிறவன்கூடத் தட்டிப் பார்த்து வாங்குவதாக எழுதவில்லை. பழைய வெள்ளைக்காரனுக்குத் தோன்றாத அர்த்தத்தை நானே கண்டுபிடித்து, பெற்ற மகளின் கல்யாணத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் லீவு போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். பாண்டுரங்கன் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வெளிய நில்லுங்க. கூப்புடறேன்.”

நின்றேன். வெயில் ஏறியது. அவர் டீ குடித்தார். பேப்பரை மடித்து மடித்துப் படித்தார். எங்கள் கம்பெனி வாசலில் லாரிக்காரர்கள் இப்படித்தான் நிற்பார்கள். நான் இப்படித்தான் டீ குடிப்பேன். அவர் பேப்பர் பிடித்திருந்த விதம்கூட என்னைப் போலவே இருந்தது.

கடைசியில் அவரே வந்து கேட்டைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

“உங்கள மாரி ஆளுங்க கேட்டாண்ட நின்னே என் பாதி ஆயுசு போச்சு,” என்றார். “அது சரக்கு. பாத்துதான் எடுக்கணும். நான் தப்பு சொல்லல. ஆனா உங்க பொண்ணு எங்க வூட்டுக்கு வர்றப்போ, நாங்க தட்டிப் பாத்துட்டா உள்ள வுடப் போறோம்?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்றுகூட வரவில்லை. “சம்பந்தி” என்று மட்டும் வந்தது. அவர் அந்த வார்த்தையைத் திருப்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம வரோம். தண்ணியக் குடிங்க மொதல்ல.”

ஞாயிற்றுக்கிழமை அதே வேன் வந்தது. ரத்னா சிவப்புத் தொட்டியை முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பாண்டுரங்கன் எழுவதற்குள் நான் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். மதிவதனி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு வந்தது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அதில் என்னென்ன இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.