பனி ஸ்கூட்டரும் அறுந்துகொண்டேயிருந்த பெல்ட்டும்

நான் இப்போது வாழும் ஊரில் ஸ்கூட்டர் என்றால் அதற்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள் இருக்கும். அடியில் பனியைப் பிறாண்டிக்கொண்டு சுழலும் அகலமான ரப்பர்ப் பட்டை இருக்கும். நம்மூரில் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவைப்பதுபோல இதை நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போகிறார்கள். நோர்வேயின் வடகோடி இது. ஆண்டின் பாதிக்கு மேல் நிலமும் ஏரியும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். அந்த வண்டியின் முழுப் பெயர் ஸ்னோஸ்கூட்டர். ஆனால் இங்குள்ளவர்கள் முழுப் பெயரைச் சொல்லி மினக்கெடுவதில்லை, வெறும் ஸ்கூட்டர் என்பார்கள். அந்தச் சோம்பலால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

என் மனைவி றிஸ்வானா முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலைக்கு வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். மொழி வகுப்பில், ஊரில் என்ன தொழில் என்று கேட்டார்கள். அப்போது எனக்குத் தெரிந்திருந்த கொஞ்சநஞ்ச நோர்வேஜிய மொழியில், ஸ்கூட்டர் திருத்துகிறவன் என்று சொன்னேன். அந்த வாரமே ஹரால்ட் என்னைத் தேடி வந்தார். தாடிக்கார மனிதர், ஊரில் பழுதுபார்க்கும் கராஜ் வைத்திருப்பவர். பெருஞ்சந்தோஷத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கராஜுக்குள் நின்ற வண்டியைக் கண்டதும், இது எனக்குத் தெரிந்த ஸ்கூட்டர் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. நான் கையால் சக்கரம் சுற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, வந்ததற்குப் பார்த்துவிட்டாவது போ என்பதுபோல வண்டியின் பக்க மூடியைக் கழற்றினார்.

உள்ளே இருந்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சினோடு ஒரு கிளட்ச், அதற்குப் பின்னால் இன்னொன்று, இரண்டையும் இணைத்து ஒரு தடித்த ரப்பர் பெல்ட். ஒவ்வொரு கிளட்ச்சிலும் முகம் பார்த்து நிற்கும் இரண்டு சாய்ந்த தட்டுகள். வேகம் கூடும்போது முன்னால் உள்ள தட்டுகள் நெருங்கி பெல்ட்டை மேலே தள்ளும், பின்னால் உள்ளவை விலகி அதற்கு இடம் விடும். இலங்கையில், எங்கள் புத்தளத்தில் டீச்சர்மாரும் வங்கியில் வேலைசெய்யும் பிள்ளைகளும் ஓட்டும் ஸ்கூட்டிகளின் வயிற்றுக்குள்ளும் இதேதான் இருக்கிறது. அளவுதான் பெரிது. நான் குனிந்து பெல்ட்டை இரண்டு விரலால் நெரித்துப் பார்த்து, "பழசு" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு சொல் அந்த இடத்துக்குப் பொருந்திவிட்டது. ஹரால்ட் என்னை நாளைக்கு வரச் சொன்னார்.

புத்தளம் சந்தைக்குப் பக்கத்தில் நானும் என் மச்சான் ஃபாயிஸும் சேர்ந்து கராஜ் நடத்தினோம். கற்பிட்டிப் பக்கமிருந்து வரும் ஸ்கூட்டிகளின் கிளட்ச்சைத் திறந்தால் கடல் மணல் கொட்டும். மணல் பெல்ட்டைத் தேய்க்கும், உப்புக் காற்று தட்டுகளில் துரு ஏற்றும். ஃபாயிஸ் கைவேகக்காரன். அறுந்த பெல்ட்டை எறிந்துவிட்டுப் புதிதை மாட்டி அனுப்பிவிடுவான். பள்ளிவாசல்துறை டீச்சர் ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டாம் முறை வந்து நின்று, "தம்பி, சத்தம் மட்டும் வருது, வண்டி போகுதில்ல" என்று அலுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் பழைய பெல்ட்டுகளை எறியவிடாமல் எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். தேய்ந்த பெல்ட் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். இரண்டு பக்கமும் கண்ணாடிபோலப் பளபளத்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால், வண்டி நகராமல் நிற்க, தட்டுகள் பெல்ட்டை அதே இடத்தில் உரசியிருக்கின்றன. இங்கே மணலுக்குப் பதில் பனித்தூள். உள்ளே போய் உருகி பெல்ட்டை நனைத்துவிடும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

இங்கருடைய வண்டி மட்டும் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. இங்கர் இந்த வடகோடியின் பழங்குடியான ஸாமி இனப் பெண், துருவமான் வளர்ப்பவள். எனக்கு மூத்தவள், அதிகம் பேசமாட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வண்டியில் பெல்ட் அறுந்துகொண்டேயிருந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் தட்டுகளைத் துடைத்து, இரண்டு கிளட்ச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்தோம். நேராகத்தான் இருந்தன. கராஜுக்குள் வண்டி முனகாமல் ஓடியது, மலையில் ஏறினால் அறுந்தது. வசந்தம் நெருங்கிவிட்டது. குட்டி ஈனுவதற்கு முன் மான்கள் மேட்டுநிலத்தை விட்டுக் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கும், சினைமான்கள் யாருக்காகவும் காத்திருக்கமாட்டா. நடுவழியில் வண்டி நின்றால் அவள் மந்தையைத் தவறவிடுவாள். பாரம் இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க, அவளோடு பின்னால் ஏறிப் போகும்படி ஹரால்ட் என்னை அனுப்பினார்.

குறிஞ்சிப்பிட்டியில் கடலோரத்தில் பிறந்தவன் நான். தண்ணீருக்குப் பயந்ததில்லை. ஆனால் உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓடும்போது அடியிலிருந்து ஐஸ் முனகும் சத்தம் கேட்டு ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன். ஏரியைக் கடந்து, பின்னால் பனியில் சறுக்கும் பாரவண்டில் இழுபட, ஏற்றத்தில் ஏறினோம். பாதி தூரத்தில் ரப்பர் கருகும் மணம் வந்தது. உடனே மூடிக்குள் ஏதோ படாரென்று அடித்தது. எஞ்சின் கத்தியது, வண்டி நின்றுவிட்டது. மேற்கே வானம் மங்கிக் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

இங்கர் கடைசி பெல்ட்டை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. அதுவும் அறுந்துவிட்டால் நடந்துதான் போகவேண்டும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டு அறுந்த பெல்ட்டின் துண்டுகளைப் பொறுக்கினேன். ஒரு பக்கம் பளபளப்பாக இருந்தது. மறுபக்கத்தில் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. பெல்ட் சரிந்து ஓடியிருக்கிறது. சும்மா நிற்கையில் நேராக நிற்கும் கிளட்ச்சுகள் பாரம் இழுக்கும்போது சரிகின்றன என்றால், எஞ்சினே அசைகிறது என்றுதான் அர்த்தம். ஐஸ் குத்துவதற்கு அவள் வைத்திருந்த இரும்பு, நம்மூர் அலவாங்கு மாதிரி, அதை வாங்கி எஞ்சினுக்குப் பின்னால் கொடுத்து நெம்பினேன். ஆடும் பல்லைப்போல எஞ்சின் சாய்ந்தது. அதைத் தாங்கும் பின்பக்க ரப்பர் அடியில் பிளந்திருந்தது. நெம்பாதபோது பிளவு மூடிக்கொண்டதால் எங்கள் கண்ணில் படவேயில்லை.

அந்த நேரம் பார்த்து இங்கர் என்னிடம், "ஃப்ரீசர் டூ?" என்று கேட்டாள்.

இந்தக் காற்றுக்குள் இவள் ஏன் எங்கள் வீட்டு ஃப்ரீசரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மரியாதைக்காக, "ஓம், சின்னது ஒண்டு இரிக்கி" என்ற பொருள்பட நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு தன் உரோமக் கையுறையைக் கழற்றி என் நீலம் பாரித்த கைகளில் தானே மாட்டிவிட்டாள். உனக்குக் குளிருகிறதா என்று கேட்டிருக்கிறாள்; இங்கே ஃப்ரீசருக்கும் குளிருவதற்கும் ஒரே சொல்தான். அவளுடைய சூடு கையுறைக்குள் அப்படியே இருந்தது.

பாரவண்டிலில் அடுப்புக்கு வைத்திருந்த பேர்ச் மர விறகை அவள் கத்தியால் சீவி ஆப்பாக்கினாள். நான் அதை எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையில் அடித்து இறுக்கினேன். அதன் பிறகே பெல்ட்டை மாட்டினோம். பாரவண்டிலை அங்கேயே விட்டுவிட்டு, வேகம் கூட்டாமல், காற்று எங்களை மூடுவதற்கு முன் ஏரியைக் கடந்து வந்து சேர்ந்தோம். ஹரால்ட் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து மூன்று பேருக்கும் கோப்பி ஊற்றினார். புதிய தாங்கியை மாட்ட அன்று மாலைவரை இருவருமாக வேலை செய்தோம். மறுநாள் இங்கர் புறப்பட்டுப் போனாள். சில வாரங்களில் ஒரு படம் அனுப்பினாள். கடலோரப் புல்லில் கால் நடுங்க நின்றது ஒரு மான்குட்டி.

கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் ஹலால் இறைச்சி மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, இறைச்சிக்குப் பதில் ஏரி மீன் கொண்டுவந்திருந்தாள். றிஸ்வானா தேங்காய்ப்பால் விட்டுக் காரமாக மீன் ஆணம் காய்ச்சினாள். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக இங்கர் சட்டியை வழித்தாள். எனக்கு அவளிடம் சொல்ல நன்றி நிறைய இருந்தது. காற்று எழும்பும் நேரத்தில், சின்னப்பிள்ளை அளவுக்கு மொழி தெரிந்த ஓர் அந்நியன் பொறு என்றபோது அவள் பொறுத்தாள். அதைச் சொல்லும் அளவுக்கு இன்னும் என் மொழி வளரவில்லை. இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கொடுத்தேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மச்சானின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு, றிஸ்வானாவைப் பின்னால் ஏற்றி, புத்தளம் நகரத்திலிருந்து குறிஞ்சிப்பிட்டிக்குப் புறப்பட்டேன். இடையில் கடல்நீர்க் களப்பு கிடப்பதால் பாலாவி ஊடாகச் சுற்றித்தான் போகவேண்டும். களப்பைக் கண்டதும் என் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. நடுப்பகல் வெயிலில் காற்றே இல்லாமல் களப்பு தட்டையாக, வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கரையில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. வண்டியின் முன்பக்கத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தேன்.

என்ன பார்க்கிறீர்கள் என்று றிஸ்வானா கேட்டாள். "குறுக்கால போனா கிட்ட" என்றேன்.

அவள் களப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "இஞ்ச பாருங்க, அது தண்ணி" என்றாள்.